அணியத்துப் பலகை

அந்தப் பலகையைக் கெடுத்தவன் நான்தான். மெஷின் ரசலையனுடையது, கம்ப்யூட்டரில் வேலை செய்தவள் அவன் மனைவி ஜாஸ்பின், தவறு நடந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். இருந்தாலும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஐந்து மணிநேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பார்த்தவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியிலாவது நிறுத்தியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது, வார்த்தைதான் வரவில்லை.

எனக்குத் தொழில் மினிலாரி ஓட்டுவது. புதுக்கடையில் ரசலையன் கடையில் செதுக்குகிற கதவுகளை வீடுவீடாகக் கொண்டுபோய் இறக்குவேன். அவனும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து படித்து, ஒரே வருடம் பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள். அவன் ஷார்ஜாவுக்குப் போய் எட்டு வருடம் ஒரு மரச்சாமான் கம்பெனியில் செதுக்கு மெஷின் ஓட்டினான். திரும்பி வந்து, கையில் இருந்ததையெல்லாம் கொட்டி அதே மாதிரி ஒரு மெஷினை வாங்கிப் போட்டான். கட்டில் அளவுக்கு இரும்பு மேசை, அதன்மேல் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் ஒரு மோட்டார், மோட்டார் முனையில் விரல் நீளத்துக்குச் சுழலும் உளிபோல ஒரு பிட்டு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி அந்தப் பிட்டு அங்குமிங்கும் ஓடி மரத்தைக் கொறிக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவை நான் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

கதவு மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது, 2012. ஒரு வீட்டுக் கதவில் மயில் வந்தால் எதிர்வீட்டுக்கு இரண்டு மயில் வேண்டும். கொட்டாரத்தில் ஒரு ரைஸ்மில்காரர், கதவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜாஸ்பின் அந்த இடத்தில் ஒரு கிளியை உட்கார வைத்தாள், மனுஷனுக்கு மனம் ஆறியது. குளச்சலில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், உயிருள்ளது எதுவும் வேண்டாம், கொடி மட்டும் போதும் என்றார். ஏழடி உயரக் கதவு முழுக்கக் கொடி. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று லாரியில் கயிறு கட்டும்போது தேடினேன், குளச்சல் போய்ச் சேரும்வரை மனதுக்குள்ளும் தேடினேன். இன்றுவரை அகப்படவில்லை.

இதெல்லாம் ஜாஸ்பின் கம்ப்யூட்டரில் உருட்டித் திரட்டுவது. அவர்கள் அதை மாடல் என்பார்கள். மரமே இல்லாத மரவேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் செய்த மயிலைக் குஜராத்தில் யாரோ மெயிலில் வாங்கினான். அவன் எத்தனை பேருக்கு விற்றானோ, அந்த மயில் இப்போது எத்தனை ஊர் வாசலில் நிற்கிறதோ! பெற்றவள் புதுக்கடையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருப்பாள்.

அந்த ஆவணியில் ஆன்றோ வந்தான். தேங்காய்ப்பட்டணத்துக்காரன், மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இருபது நாள் லீவில் வந்து, கட்டிமுடித்த புதுவீட்டைப் பங்குச் சாமியார் வந்து ஆசீர்வதிக்க அர்ச்சிப்பு வைத்திருந்தான். திராட்சைக்கொடி போட்ட அவன் கதவை நான்தான் முந்தின வாரம் கொண்டுபோய் இறக்கியிருந்தேன். இப்போது ஆட்டோவில் சாக்கில் பொதிந்த ஒரு பலகையோடு வந்து இறங்கினான். மூன்று அங்குலக் கனம், இரண்டடி நீளம். சாக்கை அவிழ்த்ததும் கடை முழுக்க மீன்நெய் மணம்.

"அக்கா, இது எங்க அப்பாக்க வள்ளத்துல அணியத்துப் பலவ" என்றான் ஜாஸ்பினிடம். அணியம் என்றால் வள்ளத்தின் முன்புறம், அலையை முதலில் வாங்குகிற இடம். "இதுல எனக்கு மயிலும் வேண்டாம், மாதாவும் வேண்டாம். அப்பாக்க மொகம் வேணும்."

அவன் அப்பா ஆன்ட்ரூஸ். ஊரெல்லாம் ஃபைபர் வள்ளத்துக்கு மாறின பிறகும் அயினிமர வள்ளத்தை விடாத மனுஷன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம் தனியாகப் போனவர் வரவில்லை. வள்ளம் மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. உடல் கிடைக்கவே இல்லை.

"அம்ம புதுவீட்டுக்கு வரமாட்டேன்னு நிக்காவ" என்றான் ஆன்றோ. "அப்பா வந்தா பழைய வீட்டத்தான் தேடி வருவாருன்னு சொல்லுகாவ. அவரு காலடி வைக்காத வீட்டுல எனக்கென்ன சோலின்னு கேக்காவ. நான் சனிக்கெழம அர்ச்சிப்பு வச்சிருக்கேன், அடுத்த வியாழன் பிளைட்டு. ஒத்தையில அந்த ஓட்டு வீட்டுல அம்மைய விட்டுட்டு எப்பிடிப் போவேன்? அப்பா மொகத்த இந்தப் பலவையிலேயே செஞ்சு முன்னால வச்சா, அவரு வந்ததுபோலன்னு நெனச்சு வருவாவ. நான் கேட்டுட்டேன். செரின்னு சொன்னாவ."

"வேற பலவ உண்டா, இது தப்பினா?" என்று கேட்டான் ரசலையன்.

"இல்ல அண்ணே. மிச்சமெல்லாம் உப்புல உளுத்துப் போச்சு. இது ஒண்ணுதான்."

கையில் இருந்த படம் மீனவர் அட்டையில் ஒட்டின கட்டைவிரல் அளவுப் படம் ஒன்றுதான். கல்யாணப் படத்தை ஈரம் தின்றுவிட்டது. நேர்முகத்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டு தெரியாது, அம்மாவை வரச்சொல் என்றாள் ஜாஸ்பின்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆன்றோவின் அம்மா கிரேசியக்கா வந்தாள். காலைச் சந்தையில் மீன் விற்று முடித்து, வெறும் பாத்திரத்தைக் கடை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்காரமாட்டேன், மீன்வாடை பிடிக்கும் என்று தரையில் உட்கார்ந்தாள். ஜாஸ்பின் தானும் தரையில் உட்கார்ந்து, மானிட்டரை இறக்கி ஒரு பெட்டிமேல் வைத்தாள். கிழங்கும் சாளைமீன் கறியும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வந்தன. எனக்கும் ஒரு பங்கு வந்ததால் நான் நகரவில்லை.

"அக்கா, மூக்கு பக்கவாட்டுல எப்பிடி இருக்கும்?"

"மூக்கு மூக்கு மாதிரிதான் மோளே இருக்கும்."

"அதில்லக்கா. நேரயா எறங்குமா, வளஞ்சா?"

கிரேசியக்கா கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கி, காற்றில் மெல்லக் கீழே இறக்கினாள். கை ஓரிடத்தில் நின்றது. "இஞ்ச ஒரு முட்டு உண்டு. சின்ன வயசுல துடுப்பு தட்டினது. கையி அதுல முட்டிட்டுத்தான் எறங்கும்."

ஜாஸ்பின் மவுசை அசைத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் கிடந்த முகத்தின் மூக்கில் ஒரு முட்டு எழும்பியது.

"இவ்வளவா?"

"கொஞ்சம் குறை. ஆங், அந்தால நிறுத்து."

"கன்னம்?"

"ஒட்டிக் கெடக்கும். கடல்சோலிக்காரனுக்குக் கன்னம் எங்க இருந்து வரும்? ஆனா சிரிச்சா இந்தப் பக்கம் மட்டும் ஒரு மடிப்பு விழும். அந்தப் பக்கம் விழாது."

"சிரிச்ச மாதிரி வைக்கவா அக்கா?"

"வேண்டாம். அவரு சும்மா சிரிக்குற ஆளில்ல. ஊரு நம்பாது."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், கிரேசியக்காவும் சிரித்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவருக்க மொகம் எனக்குக் கண்ணுல மறந்து போச்சு மோளே. சொன்னா யாரும் நம்பமாட்டாவ. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. கையிதான் மறக்கல்ல. கடல்ல இருந்து வந்து அப்பிடியே கெடந்து ஒறங்குவாரு. மொகமெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கும். நான் எண்ண தொட்டுத் தடவித் தொடச்சு எடுப்பேன். கண்ணு முழிக்கமாட்டாரு. ஆனா கை எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் மொகத்தத் திருப்பித் தருவாரு. பிள்ளைக மாதிரி."

அன்று மூன்று மணிவரை ஜாஸ்பின் கேட்கக் கேட்க, கிரேசியக்கா கண்ணை மூடிக் கையால் தடவித் தடவி நெற்றியும் புருவமும் தாடையும் எடுத்துக் கொடுத்தாள். காது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் மேலே என்றாள். இடது புருவத்தில் தூண்டில் கிழித்த வடு என்றாள். ஒரு பொம்பளையின் உள்ளங்கைக்குள் ஒரு முழு ஆள் மூன்று வருடமாக இருந்திருக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு மெஷினும் மாடலும் எல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

முடிந்ததும் ஜாஸ்பின் ஒரு பட்டனை அமுக்க, திரையில் அந்தத் தலை மெதுவாகச் சுற்றியது. பக்கவாட்டு வந்தது, காது வந்தது, மறுபடி நேர்முகம்.

"எம்மா மாதாவே!" கிரேசியக்கா பின்னால் நகர்ந்தாள். இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டாள். "இவருதான். இவருதான் மோளே." முகம் இன்னொரு சுற்றுப் போகத் தொடங்கியது. "போரும், சுத்தாத. அவருக்குத் தல கெறங்கும்."

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இவரு அந்த வீட்டுக்குள்ள போனாருன்னா நானும் போவேன். ஆன்றோட்ட சொல்லு."

புதன்கிழமைதான் அந்த நாசம் நடந்தது.

அதற்கு முந்தின இரண்டு நாளும் கடையில் ஓடினது அச்சு வேலை. ஒரு கட்டடக் காண்ட்ராக்டருக்குத் தூண் உச்சியில் வைக்கிற சிமெண்ட் தாமரை வார்க்க மரத்தில் அச்சு. அச்சில் பூ குழிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் வார்த்தெடுத்தால் பூ மேடாக வரும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு. இரண்டு நாளாக அந்த டிக் அங்கேயே கிடந்தது.

புதன் காலை ரசலையன் கொட்டாரத்துக்குக் கதவு மாட்டப் போய்விட்டான். அச்சுகளை ஏற்ற நான் வந்தேன். ஜாஸ்பின் ஆன்ட்ரூஸின் பலகையை மேசையில் இறுக்கி, நாலு மூலையும் சரிபார்த்து, மெஷினை ஓடவிட்ட நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. மகள் வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கிறாள் என்றார்கள். அவள் முந்தானையால் கையைத் துடைத்தபடியே ஓடினாள்.

"ஜெபமணியண்ணே, கொஞ்சம் பாத்துக்கிடுங்க. பொக வந்தாலோ, கடகடன்னு சத்தம் கேட்டாலோ இந்தச் செவப்புப் பட்டன ஒரு அடி அடியுங்க. வேற ஒண்ணுலயும் கைவச்சிராதீங்க."

நான் கைவைக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போனபோது ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, அதுவும் ரசலையன் செய்துவைத்த ஏற்பாடு. பிட்டு ஓடியது. பலகையின் கறுத்த தோல் போனதும் உள்ளே தங்கம் மாதிரி அயினி. எத்தனையோ வருடம் குடித்த மீன்நெய்யும் உப்பும் சூட்டில் மணந்து, கடை முழுக்கக் கடற்கரை ஆகிவிட்டது. நடுவில் முதலில் ஒரு குழி விழுந்தது. குழி ஆழமானது. சுற்றிலும் சரிவுகள் வந்தன. தோண்டாமல் எதை எடுக்க முடியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ரசலையன் போன் போட்டான்.

"எப்பிடிடே போவுது?"

"பிரமாதமாப் போவுது மக்கா. அடேயப்பா, என்னா ஆழம்!"

"ஆழமாத்தான் போட்டிருக்கு. நீ அங்கயே இரி."

இரண்டு மணிக்கு மெஷின் தானாக நின்றது. ஜாஸ்பின் பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். பிளோயரை எடுத்துத் தூசியை ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.

"அண்ணே" என்றாள். "அண்ணே, இது குழிஞ்சில்லா கெடக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். முகம் இருந்தது, வடு இருந்தது, மூக்கு முட்டுகூட இருந்தது. எல்லாம் உள்பக்கமாக. ஈர மணலில் ஒருவன் முகம் குப்புற விழுந்து எழுந்துபோன தடம் மாதிரி. அவள் கம்ப்யூட்டருக்குப் போய் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிநேரம் இதை ரசித்துப் பார்த்தவன் நான் என்று நினைத்தபோது எனக்கு அந்த மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு ரசலையன் வந்தான். பார்த்தான். முதலில் என்னைப் பிடித்தான்.

"லேய், அஞ்சு மணிக்கூறு பாத்துக்கிட்டு இருந்தியே, அது குழியா மேடான்னு தெரியாதால உனக்கு?"

"தோண்டுனாத்தானே மக்கா எதுவும் வரும்..."

"நான் என்ன கெணறா வெட்டச் சொன்னேன்?"

பிறகு ஜாஸ்பின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி விடு. அழாத. அயினிதானே? கருங்கல் மில்லுல கனமா ஒண்ணு கெடக்கு, நான் கண்டிருக்கேன். நாளைக்கி எடுத்துட்டு வந்து வெட்டுவோம். கறுப்புச் சாயம் கொஞ்சம், மீன்நெய் கொஞ்சம். ஆன்றோக்குத் தெரியாது."

"அக்காக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்? மொகந்தானே பாப்பாவ."

"அவங்க பாக்கமாட்டாங்க. தொடுவாங்க." ஜாஸ்பின் மூக்கை உறிஞ்சினாள். "தெரியாமலே போகட்டும். எனக்குத் தெரியும்லா? கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து எனக்க கையில தந்தாங்க. அத வாங்கி வச்சிக்கிட்டு நான் பொய் சொல்லவா?"

"ஏட்டி, உண்மையச் சொன்னா அந்த அம்ம வீட்டுக்குள்ள வரமாட்டா. அவன் வியாழக்கெழம அழுதுக்கிட்டு பிளைட்டு ஏறணும். பொய் சொன்னா எல்லாரும் சந்தோசமா இருப்பாவ. எது பாவம்?"

இதற்குப் பதில் கர்த்தரிடம் இருந்திருக்கலாம், அவர் அன்று கடைப்பக்கம் வரவில்லை.

கடைசியில், மில் பலகையில் முகத்தைச் சரியாக வெட்டுவது, சாயம் பூசுவதில்லை, இரண்டையும் கொண்டுபோய்க் கிரேசியக்கா முன்னால் வைத்து உள்ளதைச் சொல்வது என்று ஆனது. ரசலையனுக்கு அரைமனதுதான். வியாழனும் வெள்ளியும் அந்த இரண்டாவது முகத்தை வெட்டினார்கள். என்னைக் கடைக்கு வெளியே லாரியிலேயே இருக்கச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. பழைய ஓட்டு வீட்டில் கிரேசியக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். ஆன்றோவும் நின்றான். ஜாஸ்பின் முதலில் புதுப் பலகையை அவிழ்த்து மடியில் வைத்தாள். கிரேசியக்கா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் இருந்து கையை இறக்கினாள். முட்டில் நின்றது, இறங்கியது. உதட்டைத் தொட்டாள், தாடையைத் தொட்டாள். கண்ணீர் வழிந்தது. பிறகு விரலை மோந்து பார்த்தாள்.

"மொகம் அவருதான் மோளே. ஆனா இது கடல் கண்ட மரமில்ல."

"இல்லக்கா." ஜாஸ்பின் அவள் காலடியில் உட்கார்ந்தாள். "வேற மரம். உங்க மரத்த நான் கெடுத்துட்டேன்." சாக்கில் இருந்து அணியத்துப் பலகையை எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"நானும்தான் அக்கா. பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன்.

கிரேசியக்கா குழிவுக்குள் கையை வைத்தாள். கை எங்கே முட்டவேண்டுமோ அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே உள்ளே போனது. ஏச்சு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

"உள்ளுக்குப் போயிட்டாரே மோளே" என்றாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆன்றோ, சாமியார் வருவாரு, நீங்க போங்க. நான் இஞ்ச இருக்கேன்."

ஆன்றோ எங்களைத் திட்டியிருக்கலாம். அவன் இரண்டு பலகையையும் லாரியில் ஏற்றச் சொன்னான். புதுவீட்டின் முன்னறையில், வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் கொக்கி ஏற்கனவே அடித்து வைத்திருந்தான். எதை மாட்ட என்று கேட்டேன்.

"அப்பாக்க வள்ளம்லா அண்ணே. கெட்டாலும் அது வீட்டுக்குள்ள இருக்கட்டு."

நானும் ரசலையனும் ஏணியில் நின்று மாட்டினோம். மூக்கோடு மூக்கு வைத்து மாட்டினேன், உள்ளே பள்ளம்தான் கண்ணில் பட்டது. இறங்கினதும் திரும்பிப் பார்க்க மனமில்லாமல் வெளியே போய்விட்டேன்.

சாமியார் வந்து செபம் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் போய் எப்படியோ கிரேசியக்காவை முற்றம்வரை கூட்டிவந்துவிட்டார்கள். அதற்குமேல் அசையமாட்டேன் என்று தென்னைமூட்டில் நின்றாள். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். சாரல் விட்டு வெயில் அடித்தது. ஈரமுற்றத்தில் பட்ட வெளிச்சம் திறந்த கதவு வழியாக உள்ளே போனது.

"ஜெபமணி" என்றாள் கிரேசியக்கா. "அந்தப் புதுப் பலவையையா மாட்டினிய?"

"இல்லக்கா. வள்ளத்துப் பலவதான்."

"கள்ளம் சொல்லாத. மொகம் வெளிய நிக்கே."

திரும்பிப் பார்த்தேன். சுவரில் இருந்து ஆன்ட்ரூஸின் முகம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. மூக்கு வெளியே, முட்டு வெளியே, ஒட்டின கன்னத்தின்மேல் எலும்பு வெளியே. கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் நின்றது. என் கையால் மாட்டினது குழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சமையல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டுபேர் வந்தார்கள். வழிவிட கிரேசியக்கா நாலு எட்டு வலப்பக்கம் நகர்ந்தாள்.

முகம் அவளோடு திரும்பியது.

அவள் நின்றாள். மெதுவாக இடப்பக்கம் நடந்தாள். முகம் இடப்பக்கம் திரும்பியது. கிணற்றடிவரை போனாள், அதுவும் கிணற்றடியைப் பார்த்தது. நானும் அவள் பின்னாலேயே நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மரம் எங்களைத் தேடித் தேடிப் பார்த்தது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை, அப்படிச் சந்தோஷப்பட்டதும் இல்லை.

"திரும்புகாரு" என்றாள் கிரேசியக்கா. வலது கை தானாகத் தூக்கி நின்றது. "லேய் ஜெபமணி, கை போற பக்கம் திரும்புகாருலே!"

வேகமாக முற்றத்தைக் கடந்து படியேறினாள். நிலைப்படியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆன்றோ "அம்மோ" என்று கத்தினான். சாமியார் தீர்த்தச் செம்போடு ஒதுங்கினார். உள்ளே இருந்தவர்கள் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராக அசைந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் முழங்காலில் விழுந்தார். ஜாஸ்பின் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இது தெரியாது.

பிறகு ஜாஸ்பின் காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள். மனுஷக் கண்ணு குழிந்த முகத்தைப் பார்த்துப் பழகாததாம், அதனால் தூரத்தில் இருந்து பார்த்தால் குழியை மேடாக்கிக்கொள்ளுமாம், நாம் நகர நகர அது திரும்புகிற மாதிரி தெரியுமாம். இருக்கலாம். அந்த மாதமே ஏழுபேர் அதே போல வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பிறகு இயேசுநாதர் முகம், புத்தர் முகம், செத்துப்போன அப்பாக்கள் முகம் என்று கேரளாவில் இருந்தும் ஆர்டர் வந்தது. குஜராத்துக்காரன் மாடல்களைக் கேட்டு வாங்கினான். ஜாஸ்பின் இப்போது தெரிந்தே டிக் போடுகிறாள். ஆன்ட்ரூஸின் மாடலை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. நான் இதுவரை நூற்றுக்கு மேல் முகம் ஏற்றி இறக்கிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும், இருந்தும் ஒவ்வொரு தடவையும் லாரிக்குப் பின்னால் நின்று இரண்டு எட்டு இப்படியும் இரண்டு எட்டு அப்படியும் நடந்து பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டேன்.

அன்று முன்னறையில் கிரேசியக்கா கையை நீட்டியபடி சுவரை நோக்கிப் போனாள். பாதி தூரம் போனதும்தான் எனக்கு உறைத்தது. கிட்டே போனால் பள்ளம்தானே? கூப்பிட நினைத்தேன், முந்திவிட்டாள். சுவருக்கு இரண்டு டைல் முன்னால் அவள் கால் நின்றது. முகம் உள்ளே போயிருக்க வேண்டும், அவள் கை காற்றிலேயே தொங்கியது.

அவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். பார்த்தாள். இன்னொரு எட்டு. கழுத்தைச் சாய்த்தாள். ஆன்ட்ரூஸ் மறுபடி வெளியே வந்துவிட்டார் போல, அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வலது பக்கம் ஒரு எட்டு, இடது பக்கம் ஒரு எட்டு.

"இம்புட்டு வருசமும் நான்லா உம்மத் தேடுனேன்" என்றாள் அந்த முகத்திடம். "இனி நீரு தேடும்."

பிறகு குனிந்து காலடியில் இருந்த டைலைப் பார்த்தாள். சுவரில் இருந்து நாலாவது டைல்.

"ஆன்றோ, ஒரு நாக்காலி எடுத்து இஞ்ச போடு மக்கா" என்றாள். "இதுக்கு அங்கிட்டு யாரும் போவாதீங்க."

ஆன்றோ நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் அதை இரண்டு விரல் பின்னால் தள்ளி, சரியாக வைத்து, உட்கார்ந்தாள்.